பத்து மணிக்கு வீடு திரும்பும் பிள்ளைகள்

1990-களில் வெள்ளிக்கிழமை இரவானால் ரெய்க்யவிக் நகரத்தின் நடுத்தெருக்களில் நடக்கப் பெரியவர்கள் தயங்கினார்கள். ஐஸ்லாந்தின் தலைநகரம் அது. கொலை, கொள்ளை என்று அஞ்சுவதற்கு அங்கே பெரிதாக எதுவும் கிடையாது. அவர்கள் அஞ்சியது பிள்ளைகளைப் பார்த்து. பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்களும் பெண்களும் கூட்டம் கூட்டமாக, கால் நிலைகொள்ளாமல், கத்திக்கொண்டும் சண்டையிட்டுக்கொண்டும் தெருவை நிறைத்திருப்பார்கள். கடையில் அந்த வயதுக்கு மது கொடுக்க மாட்டார்கள்தான். ஆனால் வாங்கிக் கொடுக்க ஓர் அண்ணனோ அண்ணனின் கூட்டாளியோ எப்போதும் இருந்தான். அவனும் இல்லாத நாளில் ‘லாண்டி’ இருந்தது. திருட்டுத்தனமாகக் காய்ச்சி விற்கும் சாராயத்துக்கு அந்த ஊரில் அதுதான் பெயர். சில வீடுகளில் பெற்றோரே வாங்கிக் கொடுத்தார்கள். எப்படியும் குடிக்கத்தான் போகிறான், கண்டதைக் குடிப்பதற்கு இது பரவாயில்லை என்ற கணக்கு.

1998-ல் நாடு முழுவதும் பதினைந்து, பதினாறு வயது மாணவர்களிடம் கேட்டபோது, கடந்த முப்பது நாட்களில் போதை ஏறும் அளவுக்குக் குடித்ததாக 42 சதவீதம் பேர் சொன்னார்கள். ஒரு வாய் வைத்துப் பார்த்தவர்களின் கணக்கல்ல இது, தள்ளாடும் அளவுக்குக் குடித்தவர்களின் கணக்கு. நாள்தோறும் புகைத்தவர்கள் 23 சதவீதம். கஞ்சாவைத் தொட்டுப் பார்த்தவர்கள் 17 சதவீதம். ஐரோப்பாவிலேயே மிக மோசமாகக் குடிக்கும் பிள்ளைகளில் ஐஸ்லாந்துப் பிள்ளைகளும் சேர்த்தி.

2016-ல் அதே வயதுப் பிள்ளைகளிடம் அதே கேள்வி. 42 என்பது 5 ஆகியிருந்தது. புகை 23-லிருந்து 3-க்கும் கஞ்சா 17-லிருந்து 7-க்கும் இறங்கியிருந்தன. பதினெட்டே ஆண்டுகளில், ஒரே தலைமுறைக்குள், பட்டியலின் அடிமட்டத்தில் கிடந்த நாடு உச்சிக்கு வந்துவிட்டது. இன்று வெள்ளிக்கிழமை மாலையில் அந்தப் பிள்ளைகளைத் தேடினால் உள்ளரங்கக் கால்பந்துத் திடலிலோ, நீச்சல் குளத்திலோ, இசைப்பள்ளியிலோ, நடன வகுப்பிலோ கிடைப்பார்கள். இல்லையென்றால் வீட்டில் இருப்பார்கள்.

இப்படியொரு மாற்றத்தைக் கேட்டதும், ஏதோ கடுமையான தடைச்சட்டம் போட்டிருப்பார்கள் என்றுதான் தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறு. ஐஸ்லாந்துக்கு மதுவிலக்கு புதிதல்ல. 1908-ல் மக்களிடம் வாக்கெடுத்து, 1915 முதல் முழு மதுவிலக்கை நடைமுறைப்படுத்திய நாடு அது. அந்த விலக்கு தளர்ந்த கதை தமிழ் வாசகருக்கு அந்நியமாக இருக்காது. எங்கள் ஒயினை வாங்காவிட்டால் உங்கள் உப்புக்கருவாட்டை வாங்க மாட்டோம் என்று ஸ்பெயின் அழுத்தம் கொடுத்தது. மீனை நம்பி வாழ்ந்த நாடு 1922-ல் ஒயினுக்குக் கதவு திறந்தது. 1935-ல் கடுஞ்சாராய வகைகளுக்கும் அனுமதி வந்தது. பீருக்கு மட்டும் தடை நீடித்தது. மலிவான பீர் வந்துவிட்டால் தொழிலாளியும் இளையோரும் கெட்டுப்போவார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 1989 மார்ச் 1 அன்றுதான் அந்தத் தடை நீங்கியது.

ஆக, இளைஞர் நலனைச் சொல்லி அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு தடை நின்றது. அந்தத் தடையின் நிழலில் வளர்ந்த ஊரில்தான் பிள்ளைகள் வோட்காவும் லாண்டியும் குடித்துத் தெருவில் விழுந்தார்கள். சட்டத்தில் ஒரு புட்டியைத் தடுத்தால் பிள்ளை இன்னொரு புட்டிக்குப் போகிறான். இரவு எட்டு மணிக்கு அவனுக்குச் செய்ய வேறொன்றும் இல்லை, கவனிக்கவும் ஆளில்லை என்பது மாறாதவரை புட்டியின் பெயர் மட்டும்தான் மாறும்.

அடுத்ததாக எல்லாரும் நம்பியது பிரசங்கத்தை. 1980-களிலும் 90-களிலும் உலகமெங்கும் அதுவே வழக்கம். அமெரிக்காவில் 1983-ல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய ‘டேர்’ திட்டத்தில் காவலர்கள் சீருடையுடன் வகுப்பறைக்கு வந்து போதையின் கேடுகளை விளக்கினார்கள். பல கோடி டாலர் செலவானது. பிறகு அளந்து பார்த்த ஆய்வுகள், அந்த வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைக்கும் உட்காராத பிள்ளைக்கும் பழக்கத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்றே மீண்டும் மீண்டும் காட்டின. ஐஸ்லாந்துப் பள்ளிகளிலும் இத்தகைய பாடங்கள் நடந்தன. பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள், வெள்ளிக்கிழமை வந்ததும் தெருவுக்குப் போனார்கள். கல்லீரல் கெட்டுவிடும் என்று பதினைந்து வயதுப் பிள்ளையிடம் சொல்வதில் தவறில்லை. ஆனால் அந்த வயதில் நாற்பது வயதின் கல்லீரல் யாருக்கும் கண்ணில் தெரிவதில்லை. பக்கத்தில் நிற்கும் நண்பன்தான் தெரிகிறான்.

திருப்பம் தொடங்கியது இரண்டு பேரிடமிருந்து என்று சொல்லலாம். ஒருவர் அமெரிக்க உளவியலாளர் ஹார்வி மில்க்மன். சிலர் ஹெராயினையும் சிலர் வேறு தூண்டுபொருள்களையும் ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதுதான் அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. மனத்தின் பாரத்தை மரத்துப்போகச் செய்ய விரும்புகிறவர் ஒன்றை நாடுகிறார், அதை முட்டி மோத விரும்புகிறவர் மற்றொன்றை நாடுகிறார் என்பது அவர் கண்டது. அப்படியானால் மனிதன் தேடுவது பொருளை அல்ல, அது மூளையில் உண்டாக்கும் மாற்றத்தை. அதே மாற்றத்தை இசையும் நடனமும் விளையாட்டும் தர முடிந்தால்? டென்வர் நகரில் 1992-ல் அவர் தொடங்கிய திட்டத்துக்குப் பதினான்கு வயதும் அதற்கு மேலுமான பிள்ளைகள் வந்தார்கள். தங்களுக்குச் சிகிச்சை தேவை என்று அவர்கள் நினைக்கவில்லை. இசை, ஹிப்-ஹாப் நடனம், ஓவியம், தற்காப்புக் கலை என்று விரும்பியதைக் கற்றுக்கொடுத்தார்கள். கூடவே வாழ்க்கைத் திறன் பயிற்சி. மூன்று மாதம் என்று வந்தவர்களில் சிலர் ஐந்து ஆண்டுகள் தங்கிவிட்டார்கள். அவருடைய இந்தச் சிந்தனையைக் கேட்க 1991-லிருந்தே ஐஸ்லாந்து அவரை அழைத்துக்கொண்டிருந்தது.

இன்னொருவர் சமூகவியலாளர் இங்கா டோரா சிக்ஃபுஸ்டோட்டிர். 1992-ல் ஐஸ்லாந்தின் ஒவ்வொரு பள்ளியிலும் பதினான்கு முதல் பதினாறு வயது வரையான மாணவர்கள் ஒரு வினாத்தாளை நிரப்பினார்கள். 1995-லும் 1997-லும் மீண்டும் அதே வேலை. எப்போது முதன்முதலாகக் குடித்தாய், கடைசியாக எப்போது போதையானாய் என்பவை மட்டுமல்ல கேள்விகள். அம்மா அப்பாவுடன் எவ்வளவு நேரம் இருக்கிறாய், மாலையில் என்ன செய்கிறாய், பள்ளியில் உன்மீது அக்கறை காட்டுவதாக உணர்கிறாயா, இரவில் வெளியே சுற்றுகிறாயா என்றும் கேட்டார்கள்.

விடைகளைக் கோத்துப் பார்த்தபோது குடிக்காத பிள்ளைகளின் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்பது துலங்கியது. வாரத்தில் மூன்று நான்கு நாள் பயிற்சியாளரின் கீழ் முறையாக விளையாடுகிறார்கள் அல்லது ஏதேனும் கலை பயில்கிறார்கள். வார நாட்களில் பெற்றோருடன் கழிக்கும் மொத்த நேரம் அதிகம். பள்ளியில் தங்களைக் கவனிக்க ஒருவர் இருப்பதாக உணர்கிறார்கள். பின்னிரவில் வெளியே இருப்பதில்லை. இதில் எதுவும் பிள்ளையின் மன உறுதியைப் பற்றியது அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். நான்குமே பெரியவர்கள் ஏற்பாடு செய்ய வேண்டியவை. பிள்ளை குடிப்பதைப் பிள்ளையின் குணக்கேடாக நெடுங்காலம் பார்த்து வந்த சமூகத்தை அந்த வினாத்தாள், பெரியவர்களின் மாலை நேரத்தைப் பார்த்துப் பேச வைத்தது. இந்தக் கதை முழுவதிலும் என்னை மிகவும் தொட்டது இதுதான்.

பெற்றோருடன் செலவிடும் நேரம் என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. வாரம் முழுக்க ஓடிவிட்டு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் மகனுடன் மனம்விட்டுப் பேசினால் போதும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். ஐஸ்லாந்துத் தரவுகள் அதை ஆதரிக்கவில்லை. எவ்வளவு நேரம் என்பதே கணக்கில் நின்றது. ஆழமாக எதுவும் பேச வேண்டியதில்லை. அப்பா காய் நறுக்குகிறார், மகள் அருகில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்கிறாள், அவ்வளவு போதும். பிள்ளை யாருடன் பழகுகிறான், எங்கே போகிறான் என்பது இப்படிச் சும்மா கூட இருக்கும் வேளையில்தான் தெரியவரும். விசாரணை நடத்தித் தெரிந்துகொள்ள முடியாது.

1997-ல் அரசும் ரெய்க்யவிக் நகராட்சியும் கைகோத்து, இந்த விடைகளின் அடிப்படையில் ஒரு திட்டத்தைத் தொடங்கின. சட்டங்களும் மாறின. பதினாறு வயதிலேயே பிள்ளையைப் பெற்றோரின் பொறுப்பிலிருந்து விடுவித்த பழைய சட்டம் திருத்தப்பட்டு, 1998 முதல் அந்த வயது பதினெட்டு ஆனது. இதை ஒரு பெரிய செயலாக நான் நினைக்கிறேன். பதினாறிலிருந்து பதினெட்டு வரையான இரண்டு ஆண்டுகளைச் சட்டம் பெற்றோரிடம் திருப்பிக் கொடுத்தது. மது வாங்க இருபது வயது, புகையிலை வாங்கப் பதினெட்டு. இரண்டுக்கும் விளம்பரம் கூடாது. ஒவ்வொரு பள்ளியிலும் பெற்றோர் அமைப்பு இருந்தாக வேண்டும். பதின்மூன்று முதல் பதினாறு வயதுள்ளவர்கள் பெரியவர் துணையின்றிக் குளிர்காலத்தில் இரவு பத்து மணிக்கு மேலும், சூரியன் மறையத் தயங்கும் கோடையில் பன்னிரண்டு மணிக்கு மேலும் வெளியே இருக்கக் கூடாது. அந்த நேர அட்டவணை காந்த அட்டையாக அச்சிடப்பட்டு வீடுகளுக்கு வந்தது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிக்கொண்டார்கள்.

இந்த ஊரடங்கைக் கேட்டதும் பிள்ளைகளின் சுதந்திரத்தைப் பறிப்பது போல இருக்கிறதே என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நியாயமான கவலை. ஆனால் இதைக் காவலரின் தடியை நம்பி நடத்தவில்லை. ஒவ்வொரு வட்டாரத்திலும் பெற்றோர்கள் முறை வைத்து, ஒளிரும் மேலங்கி அணிந்து, வார இறுதி இரவுகளில் தெருக்களில் உலா வந்தார்கள். எதிர்ப்படும் பிள்ளையிடம் பேசுவார்கள், உதவி தேவைப்பட்டால் செய்வார்கள். தெருவில் நிற்பவன் யார் வீட்டுப் பையன் என்பது தெரிந்தவர்கள் அவர்கள். பள்ளிகளில் பெற்றோர் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள்: பெரியவர் இல்லாத வீட்டில் கொண்டாட்டத்துக்கு விடுவதில்லை, வயது வராதவருக்கு மது வாங்கித் தருவதில்லை, அடுத்த வீட்டுப் பிள்ளையையும் நம் பிள்ளையாகப் பார்த்துக்கொள்வோம். உடன்படிக்கையின் பலன் வீட்டுக்குள்தான் தெரிந்தது. “என் கூட்டாளிகள் வீட்டில் எல்லாம் விடுகிறார்களே” என்று பிள்ளை வாதாடும்போது, அப்படி யாரும் விடவில்லை என்பது அம்மாவுக்குத் தெரியும்.

பணமும் வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். விளையாட்டுக் கழகங்கள், இசை, நடனம், ஓவியம் எல்லாவற்றுக்கும் அரசு நிதி கூடியது. ரெய்க்யவிக் நகரம் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுதோறும் ‘ஓய்வுநேர அட்டை’ வழங்கியது. 2016 வாக்கில் அதன் மதிப்பு 35,000 குரோனர். அதை எந்தக் கழகத்தின் கட்டணத்துக்கும் செலுத்தலாம். காசில்லாத வீட்டுப் பிள்ளையும் கால்பந்துக்கோ பியானோவுக்கோ போக முடிந்தது அதனால்தான். டிசம்பரில் நான்கைந்து மணி நேரமே வெளிச்சம் இருக்கும் நாட்டில் வெளித்திடலை நம்ப முடியாது. ஆகவே 2000-க்குப் பிறகு ஊர் ஊராகக் கூரை வேய்ந்த பெரிய திடல்கள் எழுந்தன. சின்ன ஊரிலும் ஆறு வயதுக் குழந்தைக்குக் கற்றுக்கொடுப்பவர், சம்பளம் வாங்கும், முறையாகத் தேர்ச்சி பெற்ற பயிற்சியாளர். பயிற்சி முடிந்து களைத்து வீட்டுக்குப் போகும் பிள்ளைக்கு மறுநாளும் பயிற்சி உண்டு, தன் அணியும் உண்டு. அந்தத் திடல்களில் வளர்ந்த தலைமுறைதான் 2016 ஐரோப்பியக் கோப்பையில் இங்கிலாந்தை 2-1 என்று வீழ்த்தியது. அது உபரிப் பலன். 1997-க்கும் 2012-க்கும் இடையில் வாரம் நான்கு முறைக்குக் குறையாமல் விளையாடும் பதினைந்து, பதினாறு வயதினர் 24 சதவீதத்திலிருந்து 42 ஆனதும், வார நாட்களில் அடிக்கடி பெற்றோருடன் இருப்பதாகச் சொன்னவர்கள் 23-லிருந்து 46 ஆனதும்தான் அசல் பலன்.

வினாத்தாளும் நிற்கவில்லை. ஒவ்வொரு பள்ளிக்கும் அதன் கணக்கு தனியாக, சூட்டோடு சூடாகப் போய்ச் சேர்ந்தது. நாட்டின் சராசரி இது, உங்கள் பள்ளி இங்கே நிற்கிறது என்று. தலைநகரத்தில் இருக்கும் யாரோ ஒருவரின் பிரச்சினையாக அது இருந்தவரை எந்தப் பெற்றோரும் எழுந்து வரவில்லை. நம் தெருப் பிள்ளைகள் என்று எண் வந்ததும் வந்தார்கள்.

குடியைத் தொடங்கும் வயதைத் தள்ளிப்போடுவதே இவ்வளவு பாடுபடத் தக்கதா என்று கேட்டால், ஆம். அமெரிக்காவின் தேசிய மது ஆய்வு நிறுவனம் 1997-ல் வெளியிட்ட பெரிய ஆய்வின்படி, பதினைந்து வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் வாழ்நாளில் மதுவுக்கு அடிமையானார்கள். இருபதைத் தாண்டித் தொடங்கியவர்களில் அது ஏறத்தாழ 10 சதவீதம். நிதானித்து முடிவெடுக்க உதவும் மூளையின் முன்பகுதி இருபத்தைந்து வயது வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டு தள்ளிப்போவதும் ஒரு லாபம்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. பீர் அனுமதிக்கப்பட்ட பிறகு ஐஸ்லாந்துப் பெரியவர்கள் முன்பைவிட அதிகமாகத்தான் குடிக்கிறார்கள். பெரியவர் குடி ஏற ஏறப் பிள்ளைகள் குடி இறங்கியிருக்கிறது. அப்பா குடித்தால் மகன் குடித்தே தீருவான் என்பது விதியல்ல என்பதற்கு ஒரு நாடே சாட்சி. 2008-ல் வங்கிகள் நொறுங்கி நாடு திவாலின் விளிம்புக்குப் போனபோதும் இந்த இறக்கம் நிற்கவில்லை. அதே சமயம் நார்வே, சுவீடன் போன்ற அண்டை நாடுகளிலும் அதே காலத்தில் இளையோர் குடி குறைந்தது. கைப்பேசி வந்ததும், பிள்ளைகள் வெளியே கூடுவது குறைந்ததும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. எனவே முழுப் புகழையும் இந்தத் திட்டத்துக்கே கொடுப்பது நேர்மையாகாது. ஐஸ்லாந்தின் வீழ்ச்சி மற்ற நாடுகளைவிட வெகு முன்னதாகவும் செங்குத்தாகவும் இருந்தது என்ற அளவுக்குச் சொல்லலாம். சிலி முதல் அயர்லாந்தின் மேற்கு மாவட்டங்கள் வரை இதை இப்போது பின்பற்றிப் பார்க்கிறார்கள்.

நம் ஊரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1937-ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கி, 1971-ல் விலக்கி, மீண்டும் கொண்டுவந்து, மீண்டும் விலக்கி, 2003 முதல் சில்லறை விற்பனையை அரசே நடத்துகிறது தமிழ்நாடு. ஐஸ்லாந்திலும் மதுக்கடை அரசுடையதுதான். நம் சட்டத்தில் வாங்கும் வயது 21, அவர்களைவிட ஒன்று கூடுதல். காகிதத்தில் நாம் ஒன்றும் பின்தங்கவில்லை. பத்தாம் வகுப்பு வந்ததும் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் பள்ளிகளில்தான் பின்தங்குகிறோம். ஐந்து மணியிலிருந்து ஒன்பது மணி வரை நம் பிள்ளைக்கு டியூஷன் இருக்கிறது, இல்லையென்றால் கைப்பேசி இருக்கிறது. டியூஷனும் இல்லாத வீட்டுப் பையனுக்குத் தெருமுனை இருக்கிறது, அங்கே கட்டிங் வாங்கித்தர ஓர் அண்ணன் இருக்கிறார். கடையை மூடு, திற என்ற வாதத்தில் நாம் செலவழித்த ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்கையாவது இந்த நான்கு மணி நேரத்துக்குக் கொடுத்திருக்கலாம். இரண்டு ஷிப்ட் பார்க்கும் அப்பாவால் மாலையில் வீட்டில் இருக்க முடியாது என்பது உண்மை. அவருடைய மகனுக்குத்தான் பள்ளித் திடல் இரவு எட்டு வரை திறந்திருக்க வேண்டும், சம்பளம் கொடுத்து அமர்த்திய பயிற்சியாளர் அங்கே நிற்க வேண்டும்.

ஐஸ்லாந்திலும் வேலை முடியவில்லை. பதினாறு வயது வரை காத்த பிள்ளைகள் மேல்நிலைப் பள்ளிக்குப் போன பிறகு குடிக்கத் தொடங்குகிறார்கள். இருபதுகளில் இருப்பவர்களை எட்டும் வழி இன்னும் தெளிவாகவில்லை. அவர்களுக்குப் பெற்றோர் உடன்படிக்கையும் கிடையாது, பத்து மணி அட்டவணையும் கிடையாது. உதட்டுக்கடியில் வைக்கும் நிகோட்டின் பொட்டலங்கள் சிகரெட்டை விட்ட தலைமுறையிடம் பரவியிருக்கின்றன. பெண் பிள்ளைகளின் மனச்சோர்வு கூடிவருவதை அதே வினாத்தாள்கள் காட்டுகின்றன. கடைசியாக வந்திருக்கும் சிக்கல், இணையவழி மது விற்பனை. ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும் அரசுக் கடையைச் சுற்றிக்கொண்டு, தனியார் நிறுவனங்கள் வீட்டு வாசலுக்கே புட்டியைக் கொண்டுவரத் தொடங்கியிருக்கின்றன. அரசின் ஏகபோகம் பழங்கால மிச்சம், வயது வந்தவர் விரும்பியதை விரும்பிய நேரத்தில் வாங்கட்டும் என்கிறது ஒரு தரப்பு. இருபது ஆண்டு உழைப்பு ஒரு செயலியில் கரைந்துவிடும் என்கிறார்கள் தடுப்புப் பணியில் இருப்பவர்கள். கதவைத் தட்டி மதுவைக் கொடுப்பவர், திறந்தவரின் வயதை உண்மையிலேயே பார்க்கிறாரா என்ற கேள்வியில் அந்த வாதம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.